பகடையும் மனோசக்தியும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராக நடித்து ஆடும் கதை ஆட்டம்) குழுவில் சையானிக்ஸ், அதாவது மனோசக்தி, சேர்க்கலாம் என்றேன். வாளும் மந்திரமும் இருக்கிற உலகத்தில் அது ஒட்டாது, விஞ்ஞானக் கதைக்குத்தான் சரி என்கிறார்கள். உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: அதில் விஞ்ஞான வாடை அடிப்பது உண்மைதான். 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன், வட்டம், சிலுவை, அலை, சதுரம், நட்சத்திரம் போட்ட 25 சீட்டுகளை வைத்து மனத்தை மனம் படிக்குமா என்று சோதித்தார். அந்தப் பேச்சு விஞ்ஞானக் கதைகளுக்குப் போய், அங்கிருந்து ஆட்டத்துக்குள் வந்தது. வந்தது 1976-இல், 'எல்ட்ரிச் விசார்ட்ரி' என்ற துணைநூலில். மைண்ட் ஃப்ளேயரை, அதாவது மனத்தால் தாக்கும் அரக்கனை, எதிரியாக ஏற்றுக்கொண்ட குழு மனோசக்தியையும் ஏற்றுக்கொண்டாயிற்று.

கெட்ட பெயர் வந்தது விதிகளால். 1978 விதிநூலில் அது ஒரு குருட்டு அதிர்ஷ்டம். கேரக்டரின் அறிவு, விவேகம், கவர்ச்சி என்ற மூன்று குண மதிப்புகளில் ஒன்றாவது 16 இருந்தால்தான் பகடை போடலாம். அடிப்படை வாய்ப்பு 1 சதவீதம். 16-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் அறிவு இரண்டரை, விவேகம் ஒன்றரை, கவர்ச்சி அரை சதவீதம் கூட்டும். மூன்றும் 18 என்றாலும் மொத்தம் பத்தே சதவீதம்! கிடைத்தவருக்கு இலவச வல்லமை, மற்றவருக்கு ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு மனப்போர் சாதாரணச் சுற்றைப் பத்தாகப் பிரித்து நடக்கும். இரண்டு பேர் மோதும்போது மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மனோசக்தியை உலகத்தோடு ஒட்ட வைத்த உதாரணம் 1991-இல் வந்த 'டார்க் சன்' ஆட்டத் தொகுப்பு. அதன் ஆதாஸ் உலகில் மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சும், நிலமே பாலையாகிவிட்டது. அதனால் மந்திரவாதியைக் கண்டால் ஜனங்கள் வெறுப்பார்கள், மனோசக்தியோ தெருவெல்லாம் இருக்கும். ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு சிறு மனத்திறமையாவது உண்டு. உங்கள் உலகத்திலும் முதலில் இதைத் தீர்மானியுங்கள்: மந்திரம் இருக்கும்போது இது எதற்கு?

கேள்வி: நாங்கள் 3.5 பதிப்பு ஆடுகிறோம். 5-ஆம் லெவல் சையான் (மனோசக்திக்காரக் கேரக்டர்) முதல் சண்டையிலேயே எல்லாரையும் வீழ்த்திவிடுகிறான். எங்கே தப்பு? (கோவை வாசகி)

பதில்: முதலில் ஒரு விதியைச் சரிபாருங்கள். பெரும்பாலான மேஜைகளில் விட்டுப்போவது இதுதான்: ஒரு சக்திக்கு ஒரு தடவையில் செலவழிக்கும் பவர் பாயிண்ட் (சக்திப் புள்ளி), மேனிஃபெஸ்டர் லெவலை, அதாவது சக்தியைப் பயன்படுத்துபவரின் லெவலை, தாண்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5-ஆம் லெவலில் 25 புள்ளி. அறிவு 16 என்றால் கூடுதல் 3. அதை லெவலால் பெருக்கிப் பாதியாக்கினால் ஏழரை, அதாவது 7. மொத்தம் 32. 'மைண்ட் த்ரஸ்ட்' என்ற தாக்கும் சக்திக்கு ஒரு புள்ளி செலவழித்தால் ஒரு பத்துமுகப் பகடை சேதம். 5 புள்ளிக்கு ஐந்து பகடை, சராசரி 27 சேதம். வரம்பை மறந்து 15 புள்ளி கொட்டினால் சராசரி 82! உங்கள் மேஜையில் நடப்பது அதுவாகத்தான் இருக்கும்.

வரம்பைக் காத்தாலும் முழு அடி ஆறு தடவை கிடைக்கும். நாளுக்கு ஒரே சண்டை வைத்து, பிறகு தூங்கவும் விட்டால் அவன்தான் ராஜா. நாளுக்கு நான்கு மோதல் வையுங்கள், தலா 8 புள்ளிதான் வரும். அதில் ஒன்றில் எலும்புக்கூடுகள் வரட்டும். மைண்ட் த்ரஸ்ட் மனத்தைத் தாக்குவது. மனமே இல்லாததை ஒன்றும் செய்யாது. சக்தியைக் குறைத்து ஆட்டக்காரரைத் தண்டிக்காதீர்கள், நாளின் கட்டமைப்பை மாற்றுங்கள்.

கேள்வி: ஐந்தாம் பதிப்பில் அபெரன்ட் மைண்ட் சார்சரர் (மனோசக்தி கலந்த மந்திரவாதி வகுப்பு) எல்லார் மனத்தையும் படித்துவிடுகிறார். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கதையே நடத்த முடியவில்லை. தடை போடலாமா? (ஆட்டத்தை நடத்தும் திருச்சி டி.எம்.)

பதில்: தடை வேண்டாம், மனத்தைப் படிக்கும் மந்திரமான 'டிடெக்ட் தாட்ஸ்' விதியை நிதானமாகப் படியுங்கள். முதலில் கிடைப்பது மேல்மட்ட எண்ணம் மட்டும், அந்த நிமிடத்தில் மனத்தில் ஓடுவது. ஆழமாகத் தோண்டினால் எதிராளிக்கு விவேகச் சேவிங் த்ரோ, அதாவது தடுத்துப் பார்க்கும் பகடை வீச்சு, உண்டு. ஜெயித்தால் மந்திரம் முடிந்தது. தோற்றாலும் ஜெயித்தாலும் யாரோ தன் மனத்துக்குள் நுழைவது அவருக்குத் தெரிந்துவிடும். அமைச்சரின் தலைக்குள் கைவிட்டால் அரசவையில் விளைவு இருக்க வேண்டும். மெல்லிய ஈயத் தகடும் இதைத் தடுக்கும். பணக்கார வில்லன் ரகசிய அறைக்கு ஈயம் அடித்திருப்பான்.

ஒன்று கவனியுங்கள். 6-ஆம் லெவலிலிருந்து இந்த சார்சரர் தன் சிறப்புச் சக்திக்கான சார்சரி புள்ளியில் 2 கொடுத்து இதை வாய் அசைக்காமல், கை அசைக்காமல் செய்யலாம். அவரிடம் இருப்பது 6 புள்ளி, ஆக மூன்று தடவை. அதை அனுபவிக்க விடுங்கள், அந்த வகுப்பை அவர் எடுத்ததே அதற்காகத்தான்.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரி எண்ணம் எழுதி வையுங்கள். சமையல்காரி: 'அந்தக் கத்தியைக் கழுவி வைத்தேனா?' அவள் நினைப்பது மீன் அறுத்த கத்தியை. காவலன்: 'கிணற்றுப் பக்கம் யாரும் போகாமல் இருக்கணும்.' அவன் மறைப்பது காதலியை. கேட்ட எண்ணம் பொய்யல்ல, ஆனால் விடையும் அல்ல. துப்பு துலக்கும் வேலை ஆட்டக்காரர்களுக்கு அப்படியே மிச்சம் இருக்கும்.

கேள்வி: அட்டமாசித்திகளை வைத்து நம் பாணியில் மனோசக்தி அமைக்க முடியுமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: தாராளமாக. அணிமா, மகிமா இரண்டுக்கும் உருவைப் பெரிதும் சிறிதுமாக்கும் 'என்லார்ஜ்/ரெட்யூஸ்', லகிமாவுக்கு மிதக்க வைக்கும் 'லெவிடேட்', வசித்துவத்துக்கு சொன்னபடி நடக்க வைக்கும் 'சஜெஷன்' என்று இருக்கிற விதிகளிலேயே பொருத்துங்கள். புதிதாக எண்கள் எழுதப் போனால்தான் சமநிலை கெடும். எட்டையும் ஒருவருக்கே கொடுக்காதீர்கள், லெவலுக்கேற்ப ஒவ்வொன்றாகத் திறக்கட்டும்.

எட்டில் சேராத கூடுவிட்டுக் கூடு பாய்தலுக்கு 6-ஆம் நிலை மந்திரமான 'மேஜிக் ஜார்' கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். உயிரைத் தாங்கும் கலத்திலிருந்து 100 அடிக்குள் இருக்கிறவரின் உடலில்தான் புகலாம். சொந்த உடல் அசைவற்றுக் கிடக்கும். மூலன் என்ற இடையனின் உடலில் புகுந்த திருமூலர் திரும்பி வந்தபோது தம் உடலைக் காணவில்லை என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. ஆகவே ஆட்டக்காரர் பாயும் முன் அவரிடம் இதைக் கேளுங்கள்: உடலை எங்கே வைக்கிறீர்கள், காவலுக்கு யார்?