உதட்டுக் கொப்புளம்: வாசகர் கடிதங்களுக்குப் பதில்

வருஷத்துக்கு இரண்டு தடவை உதட்டில் கொப்புளம் வருகிறது. க்ரீம் போதுமா, மாத்திரை வேண்டுமா? (மஞ்சக்குப்பம்)

இது ஹெர்பிஸ் என்ற வைரஸின் வேலை. இரண்டு தடவைதான் என்றால் மருந்தே இல்லாமல் பத்து நாளுக்குள் ஆறிவிடும். வைரஸை அடக்கும் 5 சதவீத அசைக்ளோவிர் க்ரீமைத் தினம் ஐந்து முறை தடவினால் அரை நாள் முன்னதாக ஆறலாம், அவ்வளவுதான். மாத்திரையில் ஒரு நாள் மிச்சம். அதே வகை மருந்தான வாலசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். ஒரே நாளில் முடிந்துவிடும். இது சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கான அளவு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். உதடு நமநமக்கும்போதே போட வேண்டும். பொருக்குக் கட்டிய பிறகு போட்டால் காசுதான் வீண்.

கடலுக்குப் போய்த் திரும்பினாலே வந்துவிடுகிறது. மாதம் தவறுவதில்லை. (தேங்காய்த்திட்டு)

வெயில்தான் காரணம். எஸ்பிஎஃப் 30 (வெயில் காப்பு அளவு) போட்ட லிப் பாம் தடவிக்கொண்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு போங்கள். வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருபவர்களுக்கு அசைக்ளோவிர் 400 மி.கி. இரண்டு வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 500 மி.கி. ஒரு வேளை என்று சில மாதங்கள் தினமும் கொடுப்பதுண்டு. டாக்டரைப் பார்த்து ஆரம்பியுங்கள்.

மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். முதல் நாள் எரிச்சல் குறைந்தது. இப்போது தாடை வரை பரவிவிட்டது. (பண்ருட்டி)

டியூபில் என்ன பெயர் என்று எழுதவில்லை. பரவாயில்லை, எனக்குத் தெரியும். கிளினிக்கில் வாரம் தவறாமல் பார்க்கிறேன். கைப்பையிலிருந்து அடி வரை சுருட்டிப் பிதுக்கிய டியூப் வெளியே வரும். திருப்பிப் பார்த்தால் க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாமே ஸ்டீராய்டு. கூடவே ஒரு ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கும். வைரஸுக்கு அதில் ஒன்றுமே கிடையாது.

ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பைக் கட்டிப்போடும். சிவப்பும் எரிச்சலும் அடங்குவது அதனால்தான். தடுக்க ஆள் இல்லாமல் வைரஸ் பெருகும், அக்கம்பக்கத் தோலுக்கும் போகும். டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்று டியூபிலேயே அச்சடித்திருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு இன்னும் பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டுக்கு மட்டும் விற்கும் மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கவுன்டரில் மிட்டாய் போலக் கிடைக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் ‘கேட்கிறார்கள், கொடுக்கிறோம்’ என்கிறார். வாங்குபவர் ‘கொடுத்தார்கள், போட்டேன்’ என்கிறார். முகம் உங்களுடையது, நீங்கள்தான் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்றே டியூபை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். டியூபையும் எடுத்துப் போங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பட்டால் கூசினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். வைரஸ் கருவிழிக்குப் போனால் பார்வையே கெடும். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தைக் கண்ணில் ஊற்றாதீர்கள், அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம்.

இதுவும் அக்கிதானே? காவி எழுதினால் போகுமா? (வில்லியனூர்)

அக்கி வேறு வைரஸ், இதற்கு உறவுக்காரன். காவி இரண்டையும் குணப்படுத்தாது. அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் ஐந்து வேளை, ஏழு நாள். தடிப்பு கண்ட மூன்று நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். காவி எழுதக் காத்திருந்து அந்த மூன்று நாளைத் தொலைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. எனக்கு உதட்டில் கொப்புளம். பால் கொடுக்கலாமா? (நெல்லித்தோப்பு)

தாராளமாகக் கொடுங்கள், மார்பில் புண் இல்லாதவரை. பொருக்கு உதிரும் வரை குழந்தைக்கு முத்தம் வேண்டாம், மாஸ்க் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டி, அத்தை, பார்க்க வருபவர்கள் எல்லோருக்கும் இதேதான். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பச்சிளங்குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, தோலில் கொப்புளம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு வயது 70, கிட்னி பிரச்சினை. வெள்ளையாக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போடலாமா? (கடலூர் முதுநகர்)

வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது. பெயரும் மி.கி.யும் எழுதாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டோடு, கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். அசைக்ளோவிர் வகை மருந்துகள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். கிட்னி பழுதானவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் புத்தி தடுமாறும்.

நாக்கு ஓரத்தில் வெள்ளையாகப் புண். அசைக்ளோவிர் போடலாமா? (பாகூர்)

வேண்டாம். அது பெரும்பாலும் சாதாரண வாய்ப்புண், இந்த மருந்து கேட்காது. மூன்று வாரம் ஆறாமல் இருந்தால், முக்கியமாகப் புகையிலைப் பழக்கம் இருந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.