தேன் சேர்க்காமல், தாவரப் பொருள்களை மட்டும் வைத்து வீட்டிலேயே தேன் போல ஒன்றைச் செய்ய முடியுமா?

முடியும். நான்கு முறை செய்து, அதில் மூன்று முறை கெடுத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன். "தேன் போலவே இருக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறம், ஓட்டம், இனிப்பு மூன்றும் ஏறக்குறைய வந்துவிடும். மணம் பாதிதான் வரும். மருந்துக் குணம் வரவே வராது.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தைப்பூசத்தை ஒட்டி வந்திருந்தாள். பழனிக்கு நடப்பவர்கள் காவடியோடு கிளம்பிப் போய்விட, தெருவே அமைதியாக இருந்த வாரம். குன்றக்குடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, தினைமாவைத் தேன்விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். தொடவில்லை. பாலையும் நெய்யையும் விட்டுவிட்டாள் என்பது தெரியும். தேனையும் விட்டிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, மாட்டுக்குப் பேசினே, சரி. பூச்சிக்குமா வக்காலத்து?"

"அந்தப் பெரிய வீட்டு முகப்புல ராத்திரி கூடு கொளுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா ஆயா?" என்று மட்டும் கேட்டாள் மகள். ஆத்தா அதற்கப்புறம் பேசவில்லை.

இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பாதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் திறப்பார்கள். ஆளில்லாத உயரமான முகப்புகளில் மலைத்தேனீ வந்து முறம் அகலத்துக்கு அடை கட்டிவிடும். அப்படி ஒரு கூட்டை, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பந்தம் கொளுத்தி அழித்தார்கள். மறுநாள் காலையில் திண்ணை முழுக்கக் கருகிய தேனீ. கூட்டி அள்ளியதை நின்று பார்த்தபோது இவளுக்கு எட்டு வயது. பெட்டியில் வளர்த்து எடுக்கும் தேனுக்கு இப்படிக் கொளுத்தமாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அதுவும் அதுங்க சேர்த்துவச்ச சாப்பாடுதானேம்மா" என்றாள். சரி, அவள் வழிக்கே போய்ப் பார்ப்போம் என்று அடுப்படிக்குப் போனேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தேனை விடுவது வெளிநாட்டிலிருந்து வந்த மோஸ்தர் என்று சிலர் கேலி செய்கிறார்கள். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது சமணர்களின் பழைய விரதம். அவர்களுடைய கல்படுக்கைகள் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் சித்தன்னவாசல் குன்றில் இன்னமும் இருக்கின்றன. (எங்கள் தேன்குழலில் ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது, பெயரில் மட்டும்தான். அதை மகள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேனில் நூற்றுக்கு 80 பங்கு சர்க்கரை, 17, 18 பங்கு தண்ணீர். அப்படியானால் சர்க்கரைப் பாகு காய்ச்சினால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து முதல் பாட்டிலைக் கெடுத்தேன். நாம் கடையில் வாங்கும் சர்க்கரை சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அது. பூவிலிருந்து எடுத்ததைத் தேனீ தன் சுரப்பிகளில் ஊறும் நொதியால் இந்த இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்த சர்க்கரை எளிதில் உறையாது, தளதளவென்று அப்படியே நிற்கும். நம்மிடம் அந்த நொதி இல்லை, எலுமிச்சையும் அடுப்பும் இருக்கின்றன. புளிப்போடு சேர்ந்து நிதானமாகக் கொதித்தால் சுக்ரோஸ் தானாகவே பிரியும். வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது. பூ, பழம் எல்லாம் மணத்துக்கு.

ஜீரா காய்ச்சும்போது எலுமிச்சை பிழிகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இறக்குகிற நேரத்தில் பிழிவோம். இங்கே அது உதவாது, முதலிலேயே விடவேண்டும். நான் பழக்கதோஷத்தில் கடைசியில் பிழிந்தேன். பத்தே நாளில் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டி, மேலே நீர்த்த பாகு நின்றது.

இரண்டாவது முறை ஆத்தாவின் பித்தளை உருளியை எடுத்தேன். பார்க்க அழகு, கனமான அடி, பாகுக்கு அதுதான் சரி என்று நினைத்தேன். ஈயம் பூசி எத்தனை வருஷமாயிற்று என்று யோசிக்கவில்லை. புளிப்பு முக்கால் மணி நேரம் அதில் கொதித்தால் என்ன ஆகும்? நாக்கில் வைத்ததும் செப்புக்காசைச் சப்பியது போல ஒரு ருசி. அத்தனையும் சாக்கடைக்குப் போனது. அலுமினியமும் இதற்கு ஆகாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் போதும்.

மூன்றாவது கதையைச் சொல்லவே வெட்கம். மணம் போதவில்லை என்று, பெயரில்தான் பூ இருக்கிறதே என்ற நினைப்பில் இரண்டு அன்னாசிப்பூவைத் தட்டிப் போட்டேன். செட்டிநாட்டுக்காரி கை சும்மா இருக்குமா? மகள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "தயிர்ப்பச்சடி எங்கேம்மா?" என்றாள். வீடு முழுக்க பிரியாணி வாசம். போதாததற்குப் பாகும் முற்றிவிட்டது.

நான்காவது தேறியது. அதன் கணக்கு இது. ஒரு ஆப்பிளைத் தோலோடு நறுக்கி, விதையை எடுத்துவிடுங்கள். நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ ஒரு கைப்பிடி. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் செம்மண் பொட்டலில் ஆவாரை தானாகக் கிடக்கும். ரோட்டோரப் புழுதி படிந்ததை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பறியுங்கள். கிடைக்காதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம். இரண்டையும் 600 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் இருபது நிமிடம் வேகவிட்டு, மூடி வைத்து ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தானாக வடிவது போதும். ஆப்பிள் வீணாகிறதே என்று முறுக்கிப் பிழிந்தால் அதன் பெக்டின் இறங்கி, தேனுக்குப் பதில் ஜாம் போல உறைந்துவிடும். 350 மில்லி அளவுக்குச் சாறு நிற்கவேண்டும். குறைந்தால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

சாற்றில் அரை கிலோ சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்தபின் கரண்டியை எடுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சர்க்கரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு சர்க்கரை மணி உள்ளே விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் பூக்க ஆரம்பிக்கும். அழுக்கு நுரை வந்தால் கரண்டியால் வழித்து எடுங்கள். பலகாரப் பாகில் அழுக்கெடுக்க ஒரு கரண்டி பால் ஊற்றுவோமே, அந்தக் கை இங்கே நீளக்கூடாது. நான் பால் கிண்ணத்தை எடுத்தேவிட்டேன், மகள் பிடுங்கி வைத்தாள்.

தீ சிறியதாக, முக்கால் மணி நேரம் வரை. எட்டணாத் தீ என்பாள் ஆத்தா.

பதம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். சூட்டில் பார்த்தால் பாகு நீர்த்தே தெரியும், இன்னும் கொஞ்சம் என்று விடுவோம், ஆறியதும் மிட்டாய். அதிரசத்துக்குப் பதம் பார்த்துப் பழகிய கைக்கு இது இன்னும் சிரமம். அதற்கு உருட்டுப்பதம் வேண்டும், இதற்கு அங்கே போகவே கூடாது. ஒற்றைக் கம்பிக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். ஒரு மங்குத் தட்டைக் குளிரவைத்து அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் போல ஓடாமல் நிதானமாக இழுத்துக்கொண்டு இறங்கினால் சரி.

கைப்பதத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் தராசு இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தபின் எனக்குப் பயமே போய்விட்டது. வெறும் பாத்திரத்தை முதலிலேயே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரை கிலோ சர்க்கரை போட்டால், பாகு மட்டும் 650 கிராம் பக்கம் வரும்போது கிட்டத்தட்ட தேனில் இருக்கும் அளவு தண்ணீர்தான் அதில் மிஞ்சியிருக்கும். அதற்கு மேல் அதிகமாக இருந்தால் இன்னும் கொதிக்கவேண்டும். மிகக் குறைந்துவிட்டால் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஒரு கொதி. முற்றிப்போன என் மூன்றாவது பாட்டிலை இப்படித்தான் இளக்கினேன், வாசத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெல்லம் போட்டுச் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் அது வெல்லப்பாகாகவே இருக்கும். நிறம் கறுக்கும், கலங்கும். வெல்லத்தில் உள்ள உப்புச்சத்து எலுமிச்சையின் புளிப்பையும் மட்டுப்படுத்திவிடும். தேன் நிறம் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி நாட்டுச் சர்க்கரை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பதநீர் இறங்கும் காலத்தில் இந்த ஆப்பிள் வித்தையே வேண்டாம். பதநீரைத் தெளியவைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் காய்ச்சினால் பனம்பாகு. தேன் ருசி இல்லை, அதைவிட நல்ல ருசி. ஆனால் இங்கேயும் எலுமிச்சை வேண்டும். புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, சர்க்கரை பிரிவதையும் தடுத்துவிடுகிறது. அதனால்தான் பனம்பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால் பனங்கற்கண்டு விளைகிறது. கற்கண்டு போடுகிறவர்களுக்கு வரம், பாட்டிலில் ஊற்றுகிற நமக்குத் தொல்லை. ஐந்து லிட்டர் காய்ச்சினால் முக்கால் கிலோவுக்குள்தான் பாகு தேறும், விறகையும் பொறுமையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கெல்லாம் ஆகும்? தினைமாவு பிசைய நன்றாகவே ஆகிறது, உருண்டை உதிரவில்லை. எலுமிச்சைத் தேநீர், நெல்லிக்காய் ஊறவைக்க, தோசைக்குத் தொட்டுக்கொள்ள, எல்லாம் சரி. புண்ணுக்குத் தடவுவதற்கு ஆகாது. தேனில் நொதியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கிருமியைக் கட்டுப்படுத்துகின்றன, இதில் அது இல்லை. சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லியிருந்தால், நீங்களாக இதை மாற்றாமல் வைத்தியரைக் கேளுங்கள். வெந்நீர், பனைவெல்லம் என்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்க அவர்களிடம் வேறு அனுபானங்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தேனும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, நாக்கில் தடவும் சேனையாகக்கூட. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். அதற்குப் பதில் இந்தப் பாகைத் தடவலாமே என்று யாரும் கிளம்பவேண்டாம், அந்த வயதில் சர்க்கரையே தேவையில்லை.

செய்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் "தேன்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பு. தெருவில் அடையோடு குடத்தைச் சுமந்து வந்தவரிடம் கொம்புத்தேன் என்று நம்பி வாங்கி, ஒரே மாதத்தில் சர்க்கரை பூத்த பாட்டிலைப் பார்த்து ஏமாந்தவள் நான். (நல்ல தேனும் குளிரில் உறையும்தான். இது வெறும் பாகு என்பது நாக்கிலேயே தெரிந்தது.) 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றுதான். மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக அந்த மையம் சொன்னது. பாகு தப்பில்லை, பெயர்தான் தப்பு. மகள் எங்கள் பாட்டிலில் "ஆவாரம்பூப் பாகு" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

எவ்வளவு நாள் இருக்கும்? வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரம் போக வெயிலில் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் வெளியிலேயே இருக்கும். மேலே நுரை கட்டி, திறக்கும்போது புஸ்ஸென்றால் தண்ணீர் அதிகம், புளிக்க ஆரம்பித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். எங்களுடையது இரண்டு மாதம் கெடாமல் இருந்தது. மூன்றாவது மாதத்தைப் பார்க்கப் பாட்டிலில் மிச்சம் இல்லை. வக்காலத்து என்று கேலி பேசிய ஆத்தாதான் தினமும் சாயங்காலம் அதை இஞ்சித் தண்ணீரில் ஊற்றிக் குடித்துத் தீர்த்தது.