நத்தை ஓடும் மௌன அறையும்

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு. 'குவேக்கர் உறைவிடப் பள்ளிக்கு ஒரு புதிய கட்டடம்' என்று ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறார்கள். குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு. பூசாரி இல்லை, பீடம் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதே வழிபாடாம். எதைப் பிடித்துக்கொண்டு வரைவது? கேரளத்தில் வீடுகள் கட்டிய லாரி பேக்கரும் குவேக்கர்தானே, அவரைப் போல செங்கல் ஜாலி (இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்) போட்டால் சரியாகுமா?

எம்.

அன்புள்ள எம்.,

ஜாலி வேண்டாம். பேக்கர் அதைப் போட்டது கேரளத்து வெயிலுக்கும் காற்றுக்கும்.

இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் பூத்தம் என்றொரு குவேக்கர் பள்ளி, 1823இல் தொடங்கியது. (உச்சரிப்புப்படி எழுதினால் 'பூதம்' ஆகிவிடும்.) அந்தக் காலத்து குவேக்கர்களுக்கு நாடகமும் ஆகாது, சங்கீதமும் ஆகாது. விடுதிப் பையன்கள் வேறென்ன செய்வார்கள்? பூச்சி பிடித்தார்கள், நத்தை ஓடு பொறுக்கினார்கள். 1834லேயே இயற்கை வரலாற்றுக்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். 1899இல் ஒரு பையன் நத்தை ஓடுகளைக் கொதிக்கவைத்துவிட்டு இறக்காமல் போய்விட்டான். பள்ளி எரிந்தது. பாட்டு வாத்தியார் ஒருவரை வைத்திருந்தால் எரிந்திருக்காது என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

அதே பள்ளிக்கு 1966இல் ட்ரெவர் டன்னட் என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் ஓர் அரங்கம் கட்டிக்கொடுத்தார். ஆகாது என்றிருந்த கலைகளுக்கும் அங்கே இடம் கிடைத்துவிட்டது. உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மேடை எல்லோரையும் ஒரே பக்கம் திருப்பிவிடும். மௌனக் கூட்டத்திலோ பெஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்திருக்கும். பேசத் தோன்றியவர் இருந்த இடத்திலேயே எழுந்து பேசுவார். பதினொரு வயதுப் பிள்ளை எழுந்தாலும் மைக் இல்லாமல் எதிர் மூலைக்குக் கேட்க வேண்டும். ஒருமுறை அப்படியொரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரோரத்து வெந்நீர்க் குழாய் 'டிக் டிக்' என்றதும், பக்கத்துக்காரர் வயிறு உறுமியதும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டும் நன்றாகவே கேட்டன. ஆகவே குழாய், கதவுக் கீல், மாடியில் நடக்கும் செருப்புச் சத்தம், இவற்றை முதலில் பாருங்கள். முகப்பு பிறகு.

இன்னொன்று. குவேக்கர்கள் முடிவெடுக்கும் கூட்டங்களில் ஓட்டெடுப்பு கிடையாது. பேசிப் பேசி, இடையில் மௌனமாக இருந்து, எல்லோரும் ஒப்பும் இடம் வந்ததும் எழுத்தர் அங்கேயே குறிப்பெழுதி வாசிப்பார். அந்த இடம் வராவிட்டால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். நிஜ வேலையென்றால் கால அட்டவணையில் அதற்கும் நாள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

காலையில் வட்டம், மாலையில் மேடைக்கு நேர் வரிசை என்றால் பெஞ்சைப் பதிக்க முடியாது, நாற்காலிதான். அவற்றை அடுக்கிவைக்க ஓர் அறை வேண்டும். மாணவர் வரைபடங்களில் நான் அதைப் பார்த்ததே இல்லை.