கச்சான் தோட்டத்துக்கு இரவில் வருவது எது? கமராவை எங்கே கட்டுவது?

கேள்வி:

ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கமாக ஒன்றரை ஏக்கரில் கச்சான் போட்டிருக்கிறேன். காய் முற்றுகிற நேரம். இரண்டு கிழமையாக ஒவ்வொரு இரவும் பத்துப் பதினைந்து செடி கிளறிக் கிடக்கிறது. பன்றிதான் என்று கடன்பட்டு நாலு வரி முள்ளுக்கம்பி இழுத்தேன், நிற்கவில்லை. கனடாவில் இருக்கும் மகன், மிருகம் வந்தால் தானாகப் படம் எடுக்கிற கமரா ஒன்று கொடுத்தனுப்பினான். தோட்டத்தின் மேற்குப் பக்கத்துப் பாலை மரத்தில் தலை உயரத்தில் கட்டினேன். இரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் படம். எல்லாம் இலையும் வெயிலும். ஒரே ஒரு இருட்டுப் படத்தில் ஏதோ வால்பக்கம் தெரிகிறது, அதிலும் பகல் 2 மணி என்று விழுந்திருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் வீட்டுக் கரண்டைக் கம்பிக்குக் கொடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

ஐயா, முதலில் அந்தக் கரண்டுக் கதையை விட்டுவிடுங்கள். யானை வேலியில் ஓடுகிற மின்சாரம் வேறு. அது கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஒரு தடவை கண நேரம் மட்டும் அடித்துவிட்டு விடும், பட்டவர் கையை இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கரண்ட் அப்படி விடாது, பிடித்தால் பிடித்ததுதான். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விடியப்புறம் தண்ணீர் மாற வருகிறவர், மாடு தேடி வருகிற பொடியன், நித்திரைத் தூக்கத்தில் எழும்பி வருகிற நீங்கள், யாரும் அதில் மாட்டலாம். கச்சானுக்காக ஒரு உயிர் போகக் கூடாது.

இனி கமராவுக்கு வருவோம். அந்தப் படத்தில் உள்ள பகல் 2 மணி கனடா நேரமாகத்தான் இருக்கும். மகன் அங்கே வைத்துவிட்ட நேரத்திலேயே கமரா ஓடுகிறது போல. ரொறன்ரோ பக்கம் என்றால் இந்த மாதங்களில் நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறோம். ஆகவே உங்கள் தோட்டத்துக்கு அது வந்தது இரவு 11.30 மணிக்கு. வந்த நேரம் இப்போதே தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா? திகதியையும் நேரத்தையும் இன்றைக்கே சரிசெய்யுங்கள். பற்றரி மாற்றினால் சில கமராக்களில் நேரம் அழிந்துபோகும், அதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஆயிரம் படம் விழுந்ததற்குக் காரணம் கமராவின் பழுது இல்லை. கண் இருப்பதால் அது மிருகத்தைப் பிடிப்பதில்லை, சூட்டால் பிடிக்கிறது. பின்னால் இருக்கிற நிலத்தைவிடச் சூடு வித்தியாசமான ஒன்று அசைந்தால் படம் எடுக்கும். சோளகம் அடிக்கிற இந்த நாட்களில், வெயிலில் காய்ந்த இலையும் புல்லும் ஆடினாலே அதற்குப் போதும். மேற்குப் பக்கத்திலிருந்து தோட்டத்தைப் பார்ப்பதால் உங்களுடையது கிழக்கைப் பார்த்து நிற்கிறது, காலைச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். வடக்குப் பார்த்தோ தெற்குப் பார்த்தோ திருப்புங்கள். கமராவுக்கு முன்னால் ஐந்தாறு அடிக்குள் இருக்கிற புல்லையும் தொங்குகிற கொப்பையும் வெட்டிவிடுங்கள். சேதம் இரவில் மட்டும்தான் என்கிறீர்கள், அப்படியானால் மாலை 6 முதல் காலை 6 வரை மட்டும் வேலை செய்யும்படி நேரம் போடுங்கள். பாதி வெற்றுப் படம் அதோடு நின்றுவிடும்.

பெரிய பிழை கட்டின இடத்தில்தான். ஒன்றரை ஏக்கரையும் ஒரு கமராவால் காவல் காக்க முடியாது. நானும் முதன்முதலில் மரவள்ளித் தோட்டம் ஒன்றில் நடுவில் கட்டி, ஒரு கிழமையில் ஒரு முயலைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. பிறகு வேலி ஓரமாகக் குனிந்து நடந்தேன். கிளுவைக் கதியால் இரண்டுக்கு நடுவில் ஒரு பொட்டு, அதாவது மிருகம் நுழைகிற இடைவெளி. அடிமண் மினுமினுப்பாக அழுந்தியிருந்தது, கம்பியில் மயிர் ஒட்டியிருந்தது. அதற்கு நேரே கட்டின முதல் இரவே ஆள் பிடிபட்டார். நீங்களும் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து அப்படியொரு பொட்டைத் தேடுங்கள். கீழ்வரிக் கம்பிக்கு அடியில் தோண்டியிருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள்.

பொட்டிலிருந்து பத்து, பன்னிரண்டு அடி தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். தலை உயரத்தில் கட்டினால் தாழ்ந்து வருகிற பன்றியும் முள்ளம்பன்றியும் படத்துக்குக் கீழால் போய்விடும். மிகக் கிட்டக் கட்டினால் இரவு வெளிச்சத்தில் மிருகம் வெள்ளையாக வெளிறிப்போகும். பாதைக்குக் குறுக்கே நேராகப் பார்க்க வைக்காதீர்கள், ஓடுகிற மிருகத்தின் வால் மட்டும் விழுவது அதனால்தான். பாதையைச் சரிவாகப் பார்க்கட்டும். மெல்லிய மரம் காற்றுக்கு ஆடும், ஆடாத பழைய கட்டை ஒன்றை இறுக்கி நட்டு அதில் கட்டுங்கள். கட்டி முடித்ததும் சோதனை நிலையில் போட்டுவிட்டு, பொட்டு வழியாக நீங்களே நாலு காலில் தவழ்ந்து பாருங்கள். முன்னுக்குள்ள சின்ன விளக்கு மினுங்கினால் சரி. பலர் இதைச் செய்யாமல் விடுவார்கள், நீங்கள் விடாதீர்கள்.

ஒரு அசைவுக்கு மூன்று படம், அடுத்ததற்கு முன் அரை நிமிட இடைவெளி, இது போதும். இரவு வீடியோ பற்றரியைக் குடிக்கும். பற்றரி எல்லாம் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் போட்டதாக இருக்கட்டும், மலிவுப் பற்றரி சில நாளில் கைவிடும். மெமரி காட் இரண்டு வைத்திருந்து, ஐந்து நாளுக்கு ஒரு முறை மத்தியானத்தில் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். தினமும் போய்க் கிண்டினால் உங்கள் மணம் அங்கே தங்கும். மாரிக்கும் வைத்திருப்பதானால் மருந்துப் போத்தலில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை உள்ளே வையுங்கள். முசுறு ஏறுகிற மரத்தைத் தவிருங்கள்.

எல்லாவற்றையும் உங்கள் காணிக்குள்ளேயே செய்யுங்கள். காட்டு ஒதுக்கிடத்துக்குள் அனுமதியில்லாமல் கட்டப் போகக் கூடாது. கண்ணிவெடிப் பலகை நட்ட நிலத்துக்குக் கிட்டவும் போகாதீர்கள், நல்ல பாதை தெரிந்தாலும் சரி. பக்கத்துக் காணிக்காரரிடமும் கமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். யானைத் தடமோ இலத்தியோ கண்டால் முழங்கால் உயரக் கணக்கு சரிவராது. எட்டடிக்கு மேல் கட்டி, பின்பக்கம் ஒரு தடி செருகிக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் துதிக்கையால் பிடுங்கிவிடும். இருட்டியபின் காட் எடுக்கப் போகவே வேண்டாம்.

எனக்கு உங்கள் கதையைக் கேட்டதும் பன்றியில் சந்தேகம் குறைவு. பன்றி கூட்டமாக வந்தால் பத்துச் செடியோடு நிற்காது, உழுத மாதிரி வரிவரியாகக் கிளறிப் போட்டுவிடும். கட்டாக்காலி மாடு என்றால் மேல் இலையை மேயும், நிலத்துக்குள் இருக்கிற காயைத் தேடாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு இரவும், நாலு வரிக் கம்பியையும் மதிக்காமல் என்றால் முள்ளம்பன்றியாக இருக்கலாம், நரியும் கச்சான் தின்னும். முள் ஒன்று விழுந்து கிடக்கிறதா என்று செடிகளுக்குள் தேடுங்கள். ஆனாலும் நான் இங்கே இருந்து சொல்வதைவிடக் கமரா சொல்லட்டும். பன்றி என்று நம்பித்தானே ஒரு கடன் பட்டீர்கள்.

முள்ளம்பன்றி என்று தெரிந்தால் முள்ளுக்கம்பியால் பயனில்லை. அந்தப் பொட்டு வருகிற பக்கத்துக்குத் தடித்த கம்பிவலை போட்டு, ஒரு அடியாவது மண்ணுக்குள் இறக்கி, அடியை வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும். முழு வேலிக்கும் ஒரேயடியாகச் செலவழிக்கத் தேவையில்லை. அடைத்தபின் கமராவைக் கழற்றாதீர்கள், அடுத்து எங்கே தோண்டுகிறது என்று பார்க்க அது வேண்டும். யானை என்றால் அது உங்கள் தனி வேலை இல்லை, நேரம் விழுந்த படத்தோடு கிராம அலுவலருக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.

ஐந்து இரவு போகட்டும். விழுந்த படத்தையும், பொட்டுக்குக் கிட்ட உள்ள காலடியை அருகில் நெருப்புப் பெட்டி ஒன்று வைத்து எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். வலை எத்தனை அடி வாங்குவது என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.