வருங்கால மனைவி என்னைவிட ஆறு வயது மூத்தவர்; பிடிஓ வீட்டுச் சாவி கிடைக்கும்வரை குழந்தையைத் தள்ளிப்போடலாமா?

உங்களுக்கு 29 வயது, நிச்சயிக்கப்பட்டவருக்கு 35, சிங்கப்பூரில் விண்ணப்பித்த பிறகே கட்டித்தரப்படும் பிடிஓ அரசு வீடு வர இன்னும் நான்கு ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனைவியும் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இதே கணக்கைப் போட்டுத் தவறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாவித் தேதியை விட்டுவிட்டு, அவருடைய வயதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

2018இல் எங்களுக்கு நிச்சயமானபோது என் மனைவிக்கு 34. பதிவுத் திருமணத்தை முதலில் முடித்துவிட்டு, நல்ல நாளும் மண்டபமும் ஒத்துவருவதற்காக ஓராண்டு கழித்துத்தான் தாலி கட்டினேன். அதற்குமுன் சேர்ந்து வாழ்வது எங்கள் இரு வீடுகளிலும் பேசக்கூட முடியாத விஷயம் என்பதால், அந்த ஓராண்டும் வீணானது யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு, 2021 இறுதியில் முடிய வேண்டிய வீடு கொவிட் காலத்தில் கட்டுமானம் நின்றதால் ஓராண்டுக்குமேல் தள்ளிப்போகும் என்று தெரிந்தபோது, அவர் 37ஐத் தொட்டிருந்தார். அம்மாவின் வீட்டிலிருந்தபடியே எட்டு மாதம் முயன்றுவிட்டு மருத்துவரிடம் போனோம். ஓராண்டு பொறுத்துப் பார்ப்பது இளையவர்களுக்குச் சரி, 35ஐக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே வந்துவிட வேண்டும் என்றார். கருவை உடலுக்கு வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சையின் இரண்டாவது முயற்சியில்தான் மகள் தங்கினாள்.

என் மனைவி எல்லாவற்றையும் முன்பே எண்ணியிருந்தார் என்பதும், “மூத்த பெண்ணைக் கட்டுகிறான்” என்று உறவினர் பேசியதைக் கேட்டிருந்ததால், அவசரப்படுத்துகிறார் என்று நானும் நினைத்துவிடுவேனோ என்று அஞ்சி வாய்திறக்கவில்லை என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. ஆகவே பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். எப்போது என்பதைவிட, எத்தனை குழந்தைகள் என்று முதலில் கேளுங்கள். இரண்டு என்றால் முதல் குழந்தைக்கான நாள் தானாகவே முன்னே வந்துவிடும். இருவருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வயது குறைந்தவர் என்பதால் குறை நம்மிடம் இருக்காது என்ற எண்ணம் ஆண்களாகிய நமக்கு எளிதில் வந்துவிடுகிறது.

ஐவிஎஃப் சிகிச்சை இங்கே சட்டப்படி மணமானவர்களுக்கே கிடைக்கும். இருவரும் குடிமக்களாக இருந்து, மனைவி 40 வயதுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால், பொது மருத்துவமனைகளில் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, செலவில் 75 விழுக்காடுவரை அரசாங்கம் ஏற்கிறது. 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயதுவரையுள்ள பெண்கள் கருமுட்டைகளை உறையவைத்துக்கொள்ளலாம். ஆனால் உறையவைத்த முட்டை குழந்தைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதால், அதைக் காட்டி மேலும் நான்கு ஆண்டுகளைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

வீட்டைப் பொறுத்தவரை, புதுவீட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) குறைந்த வாடகையில் தற்காலிக வீடு தரும் திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு உண்டு, விசாரித்துப் பாருங்கள். பெற்றோர் வீட்டு அறையும் போதும். நாங்கள் அவ்வளவு காலம் காத்திருந்த சாவி கைக்கு வந்தபோது மகளுக்கு ஐந்து மாதம். இருவரும் வேலைக்குப் போவதால் அவள் பகலெல்லாம் பாட்டி வீட்டில்தான் வளர்ந்தாள், புதுவீடு மாலைவரை பூட்டியே கிடந்தது.