பதினைந்து நிமிடத்தில் மறையும் புரதம்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புரதத்தைச் சுற்றியவை: ஐ-கப்பா-பி ஆல்ஃபா. என்.எஃப்-கப்பா-பி என்ற படியெடுத்தல் காரணியை (மரபணுக்களைத் தட்டி எழுப்பும் புரதத்தை) பிடித்து அடக்கி வைக்கும் 317 அமினோ அமிலப் புரதம் இது. இதற்கான மரபணுவை என்.எஃப்.கே.பி.ஐ.ஏ என்று பட்டியலில் தேடுங்கள்.

ஹீலா செல்களுக்கு (ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்) டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் ப்ளாட் (புரத அளவைப் பேண்டாக, அதாவது பட்டையாக, காட்டும் சோதனை) செய்தேன். ஐ-கப்பா-பி ஆல்ஃபா குறையவே இல்லை. டி.என்.எஃப் கெட்டுப்போய்விட்டதா? (ஆய்வுக்கூட உதவியாளர், புவன விஸ்தா)

கெட்டிருக்கலாம். ஆனால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். டி.என்.எஃப் பட்ட 10 முதல் 15 நிமிடத்துக்குள் இந்தப் புரதம் கிட்டத்தட்ட முழுதாக அழிந்துவிடும். விடுபட்ட என்.எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய் முதலில் தட்டி எழுப்பும் மரபணுக்களில் ஒன்று, தன்னை அடக்குபவனுடைய மரபணுவே. அதனால் ஒரு மணி நேரத்தில் புதுப் புரதம் வந்து சேர்ந்துவிடும். நீங்கள் பார்த்தது அந்த இரண்டாவது தலைமுறையாக இருக்கலாம்.

0, 5, 10, 15, 30, 60, 120 நிமிடம் என்று எடுங்கள். அளவு, மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 நானோகிராம். செல் வளரும் தட்டின் எல்லாக் கிணறுகளுக்கும் (குழிகளுக்கும்) ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அறுவடை செய்ய வேண்டாம். 120 நிமிடக் கிணற்றுக்கு முதலில், 5 நிமிடக் கிணற்றுக்குக் கடைசியில் என்று பின்னிருந்து கொடுத்து வந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பனிக்கட்டி மேல் வைத்துவிடலாம். டிரிப்சின் போட்டுப் பிரித்தால் அந்தச் சில நிமிடங்களிலேயே கதை மாறிவிடும். தட்டிலேயே குளிர்ந்த பி.பி.எஸ்ஸால் ஒரு முறை கழுவி, நேரே லைசிஸ் பஃபரை ஊற்றுங்கள். அதில் புரோட்டியேஸ் தடுப்பான்களோடு, பாஸ்பேட் கழன்றுவிடாமல் காக்கச் சோடியம் ஃப்ளோரைடும் ஆர்த்தோவனேடேட்டும் இருக்க வேண்டும்.

சுழியக் கிணற்றை வெறுமனே விடாதீர்கள். டி.என்.எஃப் கரைந்திருந்த அதே திரவத்தை அதற்கும் கொடுங்கள். பேண்ட் திரும்பி வருவது புதுத் தயாரிப்புதானா என்று உறுதி செய்ய, இன்னொரு வரிசையில், புரதத் தயாரிப்பை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு சேருங்கள். அங்கே பேண்ட் மறைந்தது மறைந்ததாகவே இருக்கும். ஆனால் இந்தச் சேர்மானத்தில் ஹீலா செல்கள் சில மணி நேரத்தில் செத்து விழும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் 15 நிமிடத்தில் பேண்ட் அசையவில்லை என்றால், அப்போது டி.என்.எஃப்பைக் கேளுங்கள். தாங்கு புரதம் இல்லாமல் நீர்க்கச் செய்தால் அது குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 0.1 சதவீத பி.எஸ்.ஏ கலந்த கரைசலில் சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறை மட்டும் உருக்குங்கள். செல்களில் மைக்கோபிளாஸ்மா தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தொற்றுள்ள செல்லில் இந்தப் பாதை ஏற்கெனவே பாதி விழித்திருக்கும்.

பாஸ்பேட் ஏறிய ஐ-கப்பா-பி ஆல்ஃபாவை மட்டும் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடியில் ஒன்றுமே தெரியவில்லை. (அதே வாசகர்)

தெரியாதது இயல்பு. ஐ.கே.கே என்ற கைனேஸ் செரின் 32, செரின் 36 இரண்டிலும் பாஸ்பேட் ஒட்டியதும் பீட்டா-டி.ஆர்.சி.பி என்ற புரதம் அதை அடையாளம் காணும், லைசின் 21, 22-இல் 'அழி' என்ற முத்திரையான யுபிகுவிட்டின் ஏறும், செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியோசோம் விழுங்கிவிடும். பாஸ்பேட் ஏறிய வடிவம் சில நிமிடங்கள்தான் உயிரோடு இருக்கிறது. டி.என்.எஃப்புக்கு 30 நிமிடம் முன்பே, புரோட்டியோசோமைத் தடுக்கும் எம்.ஜி-132-ஐ 10 மைக்ரோமோலார் கொடுங்கள். விழுங்கும் வாய் அடைபட்டதும் பாஸ்போ வடிவம் குவியும். மெம்பிரேனைப் பாலில் ஊற வைக்காமல் 5 சதவீத பி.எஸ்.ஏ பயன்படுத்துங்கள், பாலில் உள்ள கேசீனே ஒரு பாஸ்போ புரதம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒப்பீட்டுக்கு ஜி.ஏ.பி.டி.எச் வைத்திருக்கிறீர்கள். அது 36, 37 கிலோடால்டன். நம் புரதமும் ஜெல்லில் அங்கேயேதான், சற்று மேலே ஓடும். முந்தைய ஆன்டிபாடி முழுதாகக் கழுவப்படாவிட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். டியூபுலின் அல்லது வின்குலினுக்கு மாறிவிடுங்கள்.

ஜேசியில் (ஜூனியர் கல்லூரியில்) படிக்கும் என் மகள் ஐ-கப்பா-பி ஆல்ஃபாவை 'ரெப்ரசர்' என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். அடக்குவதுதானே இரண்டும்? (தெம்பனிஸ்)

ஆசிரியர் பக்கம்தான் நியாயம். பாக்டீரியாவின் லாக் ரெப்ரசர் டி.என்.ஏவிலேயே உட்கார்ந்து வழியை மறிக்கிறது. ஐ-கப்பா-பி ஆல்ஃபா டி.என்.ஏவைத் தொடுவதில்லை, டி.என்.ஏவைத் தொடப் போகிற புரதத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. ஆறு அன்கிரின் மடிப்புகள் கொண்ட அதன் உடல், என்.எஃப்-கப்பா-பி ஜோடியில் ஒன்றான பி-65 புரதத்தின் 'உட்கருவுக்குப் போ' என்ற முகவரிச் சீட்டை மூடிவிடுகிறது.

சைட்டோபிளாசத்தில் பூட்டி வைக்கிறது என்று பாடநூல் சொல்வது பாதி உண்மை. கூட்டாளியான பி-50-இன் முகவரி சரியாக மூடப்படுவதில்லை. ஆகவே இந்த ஜோடி உட்கருவுக்குள் போய்ப் போய்த் திரும்புகிறது. வெளியேற்றம் வேகமாக நடப்பதால் வெளியே நிற்பது போலத் தெரிகிறது. லெப்டோமைசின்-பி கொடுத்து வெளியேறும் வாசலை அடைத்தால் உள்ளே சேர்ந்துவிடுவதைக் காணலாம். தேர்வில் இவ்வளவு எழுதத் தேவையில்லை.

மஞ்சள் என்.எஃப்-கப்பா-பியைத் தடுக்கிறதாமே? தேக்காவில் மிளகுச் சத்து சேர்த்த மாத்திரை விற்கிறார்கள். சாப்பிடலாமா? (சிராங்கூன்)

மஞ்சளில் உள்ள குர்குமின், செல் வளர்ப்பில் ஐ-கப்பா-பி ஆல்ஃபாவின் அழிவைத் தடுப்பதாக 1995 முதலே கட்டுரைகள் உண்டு. அங்கே கொடுக்கும் அளவு பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார். வாய்வழிச் சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது அதற்குப் பக்கத்தில்கூட வராது. குடலும் ஈரலும் உடனே உருமாற்றி அனுப்பிவிடும். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். போதாக்குறைக்கு அது பஃபரில் தானே சிதையும், ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். சோதனைகளை ஏமாற்றும் மூலக்கூறு என்று வேதியியலர்கள் முகம் சுளிப்பது அதனால்தான்.

மிளகின் பைப்பரின் உறிஞ்சுதலைக் கூட்டுவது உண்மை. அதே வேலையை உங்கள் மற்ற மருந்துகளுக்கும் அது செய்யக்கூடும். வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் பாலிகிளினிக் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த எச்சரிக்கை இல்லை.

இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் மாறினாலே நோய் வருமா? (மருத்துவ மாணவர்)

இதில் வரும். செரின் 32-இன் இடத்தில் ஐசோலியூசின் வந்தால் பாஸ்பேட் ஏற இடமில்லை. அந்தப் புரதம் அழிய மறுக்கிறது. நல்ல பிரதி அழிந்தாலும் கெட்ட பிரதி என்.எஃப்-கப்பா-பியை விடாது. குழந்தைக்கு வியர்வை குறைவு, கூம்பு வடிவப் பற்கள், திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று. நம் ஊர் வெக்கையில் வியர்க்காத குழந்தைக்கு உடல் சூடேறுவதே தனி ஆபத்து. எலும்பு மச்சை மாற்று நோய் எதிர்ப்பைச் சரிசெய்யலாம். பற்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் மாற்றாது. ஆய்வுக்கூடத்தில் இதையே வேண்டுமென்றே, 32-இலும் 36-இலும் அலனின் வைத்துச் செய்வதுதான் 'சூப்பர்-ரெப்ரசர்'. (பெயரில் மறுபடி ரெப்ரசர். தெம்பனிஸ் வாசகர் மன்னிக்க.)

என்.எஃப்-கப்பா-பியைத் தடுத்துக் காட்ட, பே 11-7082 என்ற வேதிப்பொருள் மட்டும் போதுமா?

போதாது. பல நொதிகளோடு வினைபுரியும். சூப்பர்-ரெப்ரசரையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எம்.டி.எம்-2வும் இதே வகையா? (பாலிடெக்னிக் மாணவி, அங் மோ கியோ)

வேலை ஒத்தது. செல் புற்றாக மாறாமல் காக்கும் பி-53 புரதத்தை அது அடக்குகிறது. பி-53-தான் அதன் மரபணுவை எழுப்புகிறது. 1979-இல் பி-53-ஐக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் பின்னாளில் சிங்கப்பூரின் அரசு ஆராய்ச்சி அமைப்பான ஏ-ஸ்டாரில் பணியாற்றினார் என்பதால் இந்த ஜோடி இங்கே கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. வித்தியாசம் வேகத்தில். இப்படித் தன்னை அடக்குபவனைத் தானே எழுப்புவதால் இரண்டின் அளவும் அலைபோல் ஏறி இறங்கும். என்.எஃப்-கப்பா-பியின் அலை ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒன்று. கதிர்வீச்சு பட்ட செல்லில் பி-53-இன் அலைக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆகவே உங்கள் ப்ராஜெக்டுக்கு நிமிடக் கணக்கு வேண்டாம். மணிக்கு ஒரு மாதிரி எடுங்கள், ஆனால் ஒரு பகல் முழுக்க எடுங்கள். இரண்டாவது அலைக்குப் பிறகு ப்ளாட்டில் ஏற்றஇறக்கம் மழுங்கினால் அலை நின்றுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். செல்கள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பியிருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க மைக்ரோஸ்கோப்பில் ஒற்றைச் செல்லைத் தொடர வேண்டும்.