ஊசியில நீரை மட்டும் எடுத்தா போதாதா?

கேள்வி: என் பொண்ணுக்கு 4 வயசு. அடிக்கடி வயித்து வலி, போன வாரம் கண்ணும் மஞ்சளாச்சு. ஸ்கேன்ல பித்தக்குழாய்ல நீர்க்கட்டின்னு வந்திருக்கு. கட்டியோட சேர்த்து பித்தப்பையையும் எடுக்கணும்ங்கிறாங்க. ஊசி போட்டு நீரை உறிஞ்சினா போதாதா டாக்டர்?

பதில்: போதாதும்மா. நீர்க்கட்டின்னு பேரு வச்சதாலதான் இந்தக் குழப்பமே வருது, குழாய் மேல தனியா ஒரு கட்டி உக்காந்திருக்கல, பித்தக்குழாயேதான் பலூன் மாதிரி வீங்கியிருக்கு, உள்ள இருக்கிறது பித்தநீர், உறிஞ்சி எடுத்தாலும் கல்லீரல் திரும்ப சுரந்து நிரப்பிடும். பெரும்பாலான குழந்தைங்களுக்கு பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர வேண்டிய இடத்துக்கு முன்னாடியே சேர்ந்திருக்கும், அதனால கணையநீர் மேல ஏறி குழாய்ச் சுவரை அரிச்சுக்கிட்டே இருக்கும்.

முன்னெல்லாம் வீங்கின குழாயை அப்படியே விட்டுட்டு அதையே குடலோட தைச்சு விட்டாங்க. சின்ன ஆபரேஷன்தான், ஆனா பின்னாடி கல்லு, திரும்பத் திரும்ப காய்ச்சல், வருஷங்கள் கழிச்சு சிலருக்கு புற்றுநோய்னு வந்துச்சு. அதனாலதான் இப்ப முழுசா எடுக்கிறாங்க. அதே கணையநீர் பித்தப்பைக்குள்ளயும் போறதால அதுலயும் புற்றுநோய் வரலாம், அதையும் விட்டு வைக்க மாட்டாங்க. பித்தப்பை வெறும் சேமிப்புப் பைதான், இல்லாமலும் சாப்பாடு செரிக்கும், பயப்படாதீங்க.

குழாயை எடுத்துட்டா பித்தம் எப்படி குடலுக்கு வரும்னு கேப்பீங்க. சிறுகுடலை ஒரு இடத்துல வெட்டி, கீழ்ப்பக்க முனையை மேல தூக்கிட்டுப் போய் கல்லீரல்ல இருந்து வர்ற குழாயோட தைப்பாங்க, மேல்பக்க முனையை கொஞ்சம் கீழ தள்ளி குடலோட பக்கவாட்டுல இணைப்பாங்க, பாக்க இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி இருக்கும். பித்தம் ஒரு வழியா, சாப்பாடு ஒரு வழியா வந்து கீழ கலந்துக்கும். வயித்தைத் திறந்தும் செய்யலாம், லேப்ராஸ்கோப்லயும் செய்யலாம், குழந்தைங்க பித்தக்குழாய்ல நல்ல பழக்கம் இருக்கிற சர்ஜனாங்கிறதுதான் எனக்கு முக்கியமா படுது. எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் (பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் படம் பிடிக்கிற எம்.ஆர்.ஐ.) எடுத்தாச்சான்னும் கேளுங்க, ரெண்டு குழாயும் எங்க சேருதுன்னு தெரியாம வெட்டினா கணையக்குழாய்ல காயம் படலாம்.

ஆபரேஷனுக்கப்புறம் தையல் போட்ட இடத்துல பித்தம் கசியலாம், பல வருஷம் கழிச்சு அந்த இடம் சுருங்கலாம், புற்றுநோய் அபாயம் நல்லாவே குறையும்னாலும் அறவே போயிடாது, அதனால பொண்ணு பெரியவளானப்புறமும் செக்கப் தொடரணும்.

குளிர் காய்ச்சலோ, மஞ்சள் கூடுறதோ, மலம் வெளுத்துப் போறதோ தெரிஞ்சா ஆபரேஷன் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே அட்மிட் பண்ணுங்க.